சர்வேயர் வைத்த புள்ளி

என் மனைவி கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை வரை பஸ் போகும். அதற்கு அப்பால் ஓடையைத் தாண்டி ஒரு மண் பாதை. மழைக்காலத்தில் எது பாதை, எது ஓடை என்று சொல்ல முடியாது. அவளுக்கு முழங்கால் வலி வந்த பிறகு, தினமும் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒரு பழைய ஜீப் வாங்கினேன். நில அளவை என் தொழில். வேலை நேரம் என் கையில்தான் இருந்தது.

அந்தப் பாதையில் ஜீப்பின் அடிவயிறு கல்லில் இடித்தது. மற்றவர்கள் என்றால் கல்லைச் சுற்றிப் போயிருப்பார்கள். நான் ஒரு மாதம் படித்து, வரைபடம் போட்டு, ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி, அவற்றை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள்களை நீளமாக்கி, பெரிய டயர் போட்டு, ஜீப்பை நாலு விரற்கடைக்கு மேல் உயர்த்தினேன். வண்டி கம்பீரமாக இருந்தது. முழங்கால் வலிக்காக வாங்கிய வண்டியில் அவள் ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் வாங்க வேண்டியிருந்தது.

உயர்த்திய முதல் வாரத்திலேயே நடுக்கம் தொடங்கியது. கரும்பு டிராக்டர்கள் தோண்டிப் போட்ட பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் இரண்டு கையையும் உதறும். பிரேக் பிடித்து வண்டி ஏறக்குறைய நிற்கும் வரை அது அடங்காது. மனைவிக்குப் போகிற வழியில் நோட்டு திருத்தும் பழக்கம் உண்டு. பஸ்ஸில் அப்படித்தான் திருத்துவாள். என் ஜீப்பில் அவள் போட்ட சரிக்குறிகள் எல்லாம் வால் முளைத்துப் பக்கத்துக் கேள்விக்குப் போயின. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இது ரைட்டா தப்பா?" என்று கேட்டாளாம்.

"பஸ்ஸுல நின்னுக்கினு போனாலும் ஒடம்பு ஒரே எடத்துல இருக்குது," என்றாள் மனைவி. "இதுல உக்காந்துக்கினு போனா பல்லு ஆடுது."

சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். முப்பது வருஷமாக ஜீப் பார்க்கிறவர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"சார், ஜீப்ப ஏத்தினதுக்குப் பதிலா ரோட்டக் கொஞ்சம் எறக்கி இருக்கலாம். செலவு கம்மி."

விஷயம் எளிது. சைக்கிளின் முன்சக்கரக் கவை பின்பக்கம் சாய்ந்திருப்பதால்தான் சக்கரம் நேராக ஓடுகிறது. ஜீப்பின் முன் அச்சில் இருந்த அந்தச் சாய்வை என் ஷாக்கிள் நீளம் தின்றுவிட்டது. பாய் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சாய்வைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டியரிங் அடங்கியது.

ஸ்டியரிங் அமைதியானதும் அதுவரை அதன் சத்தத்தில் மறைந்திருந்த இன்னொன்று வெளியே வந்தது. வேகம் கூடினால் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல், தரைத்தகடு அதிரும். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட், வண்டி உயர்ந்ததால் அதிகம் சரிந்துவிட்டது. பின் அச்சுக்கும் ஆப்பு வைக்க வேண்டும். ஆனால் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. பாய் பட்டறையில் வண்டிகள் தெரு வரை நின்றன.

"பூஜ முடிஞ்சி வாங்க சார்."

அன்று இரவு மனைவி சாப்பாட்டைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். பள்ளிக்குப் பக்கத்தில் மலைக்குடும்பம் ஒன்று, சாமை போட்டிருக்கிறவர்கள், புதிதாக ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது வண்டி சரியாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் அவள் அங்கே தங்கிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பேசி மாற்றியிருக்கலாம். பள்ளிக் கால அட்டவணையைப் படிப்பது போல அமைதியாகச் சொன்னாள். வாரத்தில் ஐந்து நாள் நான் வைக்கும் ரசத்தை நானே குடிக்க வேண்டும் என்பது முதலில் உறைத்தது. எதிரே அவள் நாற்காலி காலியாக இருக்கும் என்பது கை கழுவும்போது உறைத்தது.

பாய்க்குக் காத்திருக்காமல் நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டுகள். கழற்றினால் திரும்ப அதே பல்லில்தான் செருக வேண்டும். மாறினால் இரு முனைகளிலும் இருக்கும் கிராஸ் மூட்டுகள் நேர்க்கோடு தவறி, ஒன்றின் உதறலை மற்றது அடக்காமல் கூட்டிவிடும். இது எனக்குத் தெரியும். அதனால் வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டில் இரு துண்டுகளிலும் நேருக்கு நேராக ஒவ்வொரு புள்ளி வைத்த பிறகுதான் கழற்றினேன். ஆப்புகளை வைத்தேன். கல்யாணமாகிப் போன மகளின் பழைய பாகைமானியால் கோணம் பார்த்தேன். அதற்குள் பூஜை நாள் வந்துவிட்டது. ஷாஃப்ட்டைத் துடைத்து, என் அளவைக் கருவிகள், ஜாக்கி, ஸ்பேனர்களோடு கூடத்தில் வரிசையாக வைத்தேன். பூஜை நடந்தது. மறுநாள் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, சிவப்புப் புள்ளிக்கு நேராகச் சிவப்புப் புள்ளி வைத்து ஷாஃப்ட்டை மாட்டினேன்.

கோமுகி அணை வரை ஓட்டிப் பார்த்தேன். முன்பு உறுமியது இப்போது இடித்தது. கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு பைக் இரண்டு பைக்காகத் தெரிந்தது.

நேராகப் பாயிடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார்.

"ஷாஃப்ட்டு கோளாறு மாதிரி இருக்குதே சார்."

"அது இல்லை பாய். புள்ளி வைத்துக் கழற்றி, புள்ளி பார்த்து மாட்டினேன்."

"நீங்களே வெச்சதா?"

"நானே."

"அப்ப சரி. சர்வேயரு வெச்ச புள்ளியில நான் இன்னாத்த சொல்றது," என்று சொல்லி டயரைப் பார்க்கப் போய்விட்டார். சக்கரங்களைச் சமன் செய்தார். கியர் பெட்டி உட்காரும் ரப்பரை மாற்றினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஷாஃப்ட்டை ஒரு பார்வை பார்ப்பார். ஒவ்வொரு முறையும் நான் இல்லை என்று தலையை ஆட்டிவிடுவேன். இடிப்பு இம்மியும் குறையவில்லை.

லீவின் கடைசி நாள் காலை, மனைவி ஒரு பையில் போர்வையும் சின்ன குக்கரும் எடுத்து வைத்திருந்தாள். நான் மறுபடி ஜீப்புக்கு அடியில் கிடந்தேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து நீட்டினாள்.

"அட, நான் வெச்ச பொட்டு இன்னும் அப்படியே இருக்குதே," என்றாள்.

"எந்தப் பொட்டு?"

"இதோ, அந்தக் கம்பியில. பூஜைக்கு வெச்சது. ரெண்டு துண்டா கெடந்துச்சே, ரெண்டுக்கும் வெச்சேன்."

"ஷாஃப்ட்டுக்கு எதுக்குப் பொட்டு வைத்தாய்?"

"ஒன்னு வுடாம வெக்கணும்னு பின்னாடியே நின்னுக்கினு சொன்னது யாருங்க? அளக்குற டேப்புக்கு வெக்கலன்னு திரும்ப வர வெச்சீங்க."

நான்தான். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினேன். மறுபக்கத்தில், கிரீஸ் படிந்து, என் பெயிண்ட் புள்ளி இருந்தது. அடுத்த துண்டில் அதற்கு ஜோடி கால் சுற்று தள்ளி இருந்தது. பூஜையன்று வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டும். குங்குமம் மட்டும் எண்ணெய்ப் பசையில் ஊறிப் பெயிண்ட் மாதிரியே பிடித்துக்கொண்டது. அதை நம்பித்தான் மாட்டியிருக்கிறேன்.

இங்கே என் தொழிலையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லைக் கல் மாதிரி எது நின்றாலும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிடுவார்கள். ரிஷிவந்தியத்திலிருந்து சங்கராபுரம் வரை எத்தனையோ வயலில் நின்று, "பொட்டைப் பார்த்துக் கல்லை நம்பாதீர்கள், சுரண்டி உள்ளே குறி இருக்கிறதா பாருங்கள்" என்று உபதேசம் செய்திருக்கிறேன்.

மனைவி சிரிக்கவில்லை. "சரி, மாட்டுங்க," என்று ஸ்பேனரைக் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் தோழியிடம் போனில் பேசுவதும், நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவதும் கேட்டது. அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளி திறந்தது. போர்வைப் பையும் குக்கரும் பின்சீட்டில் ஏறின. முக்காலியில் கால் வைத்து அவள் முன்னால் ஏறினாள். கச்சிராயபாளையம் தாண்டினோம். தரைத்தகட்டில் ஒரு மெல்லிய அதிர்வு இருந்தது. அது இஞ்சினுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அணைக்கு மேலே, மலை ஏறும் முதல் வளைவில், அவள் கைப்பையைத் திறந்து காலாண்டுத் தாள்களை எடுத்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். ஒரு சரிக்குறி போட்டாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

வெள்ளிமலை வருவதற்குள் பாதிக் கட்டு முடிந்துவிட்டது.

ஓடையைத் தாண்டி அந்தச் சாமைக்காரர் வீட்டு முன்னால் நிறுத்தச் சொன்னாள். வீட்டம்மா வெளியே வந்தார். பையை எடுக்கலாமா என்று நான் திரும்பினேன். மனைவி எட்டிக் குனிந்து, "இப்போதைக்கு ரூம் வாணாங்க," என்றாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆனா இந்த மாசம் மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க," என்றாள்.