இருநூறு அடி நகர்ந்த ஏரி

விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் கழித்து, திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்து ஏரியை அளந்தேன். அப்போது நான் சர்வேயர்.

ஏரி எதுவரை என்று வழக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் படத்தின்படி அளந்து கல் நடச் சொல்லி உத்தரவு. ஊரின் மேற்கு எல்லைக்கல்லில் இருந்து ஏரி தொடங்கும் இடம் அறுநூறு என்று படத்தில் இருந்தது. பழைய படங்களில் கணக்கு லிங்கில்தான், அதாவது அளவுச் சங்கிலியின் கண்ணியில். அறுநூறு லிங்க் என்றால் நானூறு அடிக்கும் கொஞ்சம் குறைவு. இது எங்கள் ஆபீஸில் டீ வாங்கி வருபவருக்கும் தெரியும்.

அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஏரிக்குள், புதுக் கல்யாண மண்டபம் ஒன்று நின்றது. அதன் நிழலில் என் மேலதிகாரி சோடா குடித்துக்கொண்டிருந்தார். நான் டேப்பை நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னும் போயா. அறுநூறுன்னுதான போட்டிருக்குது?”

“அது லிங்க் சார்.”

“தெரியும். டேப்ப புடிச்சிக்கினு போ.”

போனேன். வெட்கங்கெட்ட கால்கள். அறுநூறு அடியில் கல் நட்டோம். மண்டபம் ஏரிக்கு வெளியே வந்துவிட்டது. தொடக்கமே தள்ளிப்போனதால் ஏரி முழுவதும் கிழக்கே நகர்ந்து, கூலி வேலைக்குப் போகிறவர்களின் காலனியை விழுங்கியது. கோடைக்காலம், ஏரியில் பேருக்குக்கூடச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

காலனியில் ஓர் அம்மா எனக்குச் சொம்பில் மோர் கொடுத்தார். கிறிஸ்தவ வீடு; வாசல் நிலையில் சாக்பீஸால் சிலுவை போட்டிருந்தது.

“எங்க வூடு ஏரியிலயா சார் வருது? எந்த மழைக்கும் வாசல்ல தண்ணி வந்ததில்லயே.”

படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன், அவர் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே. என்ன பிறவி நான்! அன்று சாயங்காலமே அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன்.

ஐப்பசிக்கு முன்பே பொக்லைன் வந்து காலனியை இடித்துவிட்டது. அந்த வருடம் நல்ல மழை. மனசு கேட்காமல் டவுன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஏரி தன் பழைய இடத்திலேயே நிரம்பியிருந்தது. மண்டபத்துச் சமையல்கட்டில் முழங்கால் தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கே இடிந்த சுவர்களுக்கு நடுவே அந்த அம்மா விறகுக்கு மரச்சட்டம் பொறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வெகுதூரத்தில் நின்றது.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று நின்றேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பாத்தீங்களா சார்,” என்றார், “இப்பவும் வாசலுக்குத் தண்ணி வரல.”