சமோசா வராத புதன்கிழமை

“தங்கை – கிண்டி, 10 மணி.” அம்மாவின் கையெழுத்தில் ஒரு ஜூன் மாதக் காலண்டர் தாளில் இப்படி இருக்கிறது. அதே தாளில் இன்னும் மூன்று கட்டங்களில் தங்கை வருகிறாள். மற்ற கட்டங்களில் காஸ் சிலிண்டரும் தண்ணீர் லாரியும். ஆண்டு மட்டும் இல்லை. அந்தத் தாள் என் நான்காம் வகுப்பு அறிவியல் நோட்டுக்கு அட்டையாகப் போனது. அளவாக வெட்டும்போது அப்பா மேல் ஓரத்தைக் கத்தரித்துவிட்டார். நான்காம் வகுப்பு என்பதே போதுமான சான்று.

அந்தத் தங்கை என் சித்தி. பி.காம். முடித்த கையோடு வேலை தேடி, சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாத்தா ஜூலை முடியும்வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் கிடைக்காவிட்டால் சொந்த ஊரான நாசரேத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அனுபவம் என்று காட்ட அவளிடம் இருந்தது ஒன்றுதான்: இரண்டு கோடை விடுமுறைகளில் ஊர் ஆலயத்தின் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகம வகுப்பில் பிள்ளைகளை மேய்த்தது.

இன்டர்வியூ ஒத்திகைக்கு நான்தான் மேனேஜர். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன்.

“எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?”

“இருக்கு சார். அறுபது பசங்களை ஒரே ஹால்ல ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சிருக்கேன். உங்க ஆபீஸ்ல எத்தனை பேரு சார்?”

“சாரை நீ கேள்வி கேக்கக் கூடாது.”

“கேட்டா ஃபெயிலா?”

ஃபெயில் போட்டுவிடுவேன். சித்தி வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு மறுபடியும் உள்ளே வருவாள்.

இன்டர்வியூ போன நாளெல்லாம் மாலையில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் வாங்கிய வெங்காய சமோசாப் பொட்டலத்தோடு திரும்புவாள். எப்படிப் போயிற்று என்று அம்மா கேட்பாள்.

“சூப்பரா போச்சுக்கா. மொதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்.”

“இன்னிக்கும் சமோசாவா” என்று அப்பா மெதுவாகச் சொல்லிவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் ஒன்றை எடுத்துக்கொள்வார். பொட்டலம் வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒருத்திக்கு எதற்கு இத்தனை வேலை என்பதுதான் விளங்கவில்லை.

ஜூன் கடைசி வெள்ளியன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். கிடைத்த நன்மைகளுக்கு முதலில் ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்ல வேண்டும். வேண்டுதல்கள் அதற்குப் பிறகுதான். நான் முதல் சுற்றிலேயே எழுந்தேன்.

“எங்க சித்திக்கு நாலு வேலை கிடைச்சதுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.”

எல்லோரும் ஒரே குரலில் “அல்லேலூயா” என்றார்கள். அம்மா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். மாடி வீட்டு ஆன்ட்டி சித்தியின் கையைப் பிடித்து, “நாலா? ஒண்ணை நம்ம பையனுக்குத் தள்ளி விடும்மா” என்றார்.

சித்தி எழுந்து நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

“ஆர்டர் இன்னும் கைக்கு வரல ஆன்ட்டி. பாப்பா அட்வான்ஸா சொல்லிட்டா. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், வாபஸ் வாங்க வேணாம்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். இரண்டாம் சுற்றில் அவள் எந்த வேண்டுதலும் சொல்லவில்லை.

ஜூலையில் இன்னும் இரண்டு பொட்டலங்கள் வந்தன. அந்த மாதத் தாள் என்னிடம் இல்லை. ஆனால் கடைசி வாரம், புதன்கிழமை என்பது நிச்சயம். பள்ளியில் கலர் டிரஸ் போடும் நாள் அது. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கு இன்டர்வியூ போன சித்தி வெறுங்கையோடு வந்தாள். அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“பரவால்ல சித்தி. அடுத்த வாட்டி கிடைக்கும்.”

சித்தி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் தலைக்கு மேலாக அம்மாவிடம் சொன்னாள்.

“திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்கக்கா. பில்லிங் கவுண்டர். அறுபது பசங்க கதையைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. காலையில அங்கயும் அவ்ளோ கூட்டம் நிக்குமாம்.”

“அப்போ சமோசா?” என்றார் அப்பா.

“கடை மூடியிருந்துச்சு அத்தான்.”

ஒவ்வொரு தடவையும் வாங்கி வந்தவள் இந்தத் தடவை மட்டும் ஏன் வாங்கவில்லை, அதற்குப் போய் அம்மா ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

கடை மூடித்தான் இருந்தது என்று சித்தி இன்றும் சாதிக்கிறாள். போன மாதம் நானே அங்கே போய்க் கேட்டேன்.

“புதன்கெயமல்லாம் மூட மாட்டோம்மா” என்றார் கடைக்காரர். “ஆனா அப்ப எங்க நைனா கடையப் பாத்துகினு இருந்தாரு. எனக்கு இன்னா தெரியும்?”

ஆகவே அந்தப் புதன்கிழமை கடை திறந்திருந்ததா இல்லையா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.