வால் வெளுத்த சீமை எறா

ராக்காயிக்கு வாய் நீளம்னு எங்க லயத்து வரிசை வீடு அம்புட்டும் சொல்லும். நீளந்தான், இப்ப என்னங்கிறேன்! அந்த வாய் இல்லாட்டி ரெண்டு பொம்பளப் புள்ளைகளோட கந்தப்பளை ரோட்டுலல்ல நின்னிருப்பா. அதே லயத்துல பக்கத்துக் காம்பரா அறையில குடியிருந்தவ நான், பாத்ததச் சொல்றேன்.

ஐம்பத்தாறுல எங்க தேயிலைத் தோட்டத்துத் தொர பங்களாவுக்குக் கீழ கொளம் வெட்டி, கப்பல்ல வந்த சீமை எறாவ விட்டாரு. நண்டு மாதிரி கொடுக்கு, கையளவு ஒடம்பு. காவலுக்கு ராக்காயி. மொத மழையிலயே எறா ஓட்டு மேல வெள்ளப் புழு அப்பிக்கிச்சு. கொழுந்து பறிச்சவளுக்கு அட்டைக்கு வைத்தியம் தெரியாதா? மடியில வச்சிருந்த உப்பு முடிச்ச அவுத்து வாளித் தண்ணியில கரைச்சு, எறாவ முக்கி எடுத்தா. புழு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. தொரைக்கே ஆச்சரியம்.

அடுத்த வருசம் வேற நோவு. எறாவோட வால்சதை அவிச்ச மாதிரி வெளுத்துச்சு. இதுக்கும் உப்புன்னு போட்டுப் பாத்தா, ஒண்ணும் கேக்கல. செத்தத நல்லது தின்னுச்சு, தின்னதும் கொஞ்ச நாள்ல வெளுத்துச்சு.

"உப்ப நம்பி மோசம் போனேன்டி மீனம்மா. வெளுத்தத எடுத்து எரிக்கணும்"னா எங்கிட்ட.

எங்கள வேல வாங்குற கண்டாக்கு செல்லசாமி, "தொர ஆசையா வளக்குறது, தொடாத"ன்னாரு. இவளா கேப்பா? வெளுத்தத அம்புட்டையும் அள்ளி எரிச்சுட்டா.

"ராக்காயி எறாவெல்லாம் அவிச்சுத் தின்னுட்டா தொரைங்களே"ன்னு கண்டாக்கு வத்தி வச்சாரு. மறுநாள் காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டுல, அத்தன பேர் முன்னாடி, வேலைய விட்டு நிறுத்துற பத்துச்சீட்டத் தொர அவ கையில குடுத்தாரு. வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு.

ராக்காயி அழல. வாளியத் தூக்கி தொர முன்னாடி வச்சா. உள்ள, எரிக்கன்னு அன்னைக்கு விடியக்காலம் கொளத்துல எடுத்த வெளுத்த எறா ஒண்ணு.

"நான் தின்னேனாம்ல? அப்ப நல்ல சாமான்தான? கண்டாக்கய்யா இத இங்கயே தின்னு காட்டட்டும், புள்ளைகளோட நான் இப்பவே எறங்குறேன்."

கண்டாக்கு ரெண்டடி பின்னால போனாரு. தொர குனிஞ்சு எறாவப் பொரட்டிப் பாத்தாரு. அப்புறம் கொளத்துக்குப் போய் வலை போட்டுப் பாத்தாரு. மிச்சமிருந்ததுல ஒண்ணுகூட வெளுக்கல, அவ வெளுத்தத எடுத்து எரிச்சதாலதான் தப்பிச்சிருக்கு. திரும்பி வந்து பத்துச்சீட்டக் கிழிச்சுப் போட்டு, "கண்டாக்குகிட்ட மன்னிப்புக் கேளு, போதும்"னாரு.

"எதுக்குங்க?"ன்னு கேட்டா ராக்காயி.

அவ கிழிஞ்ச சீட்டுத் துண்டெல்லாம் பொறுக்கி, அங்கயே சுள்ளி கூட்டி, அந்த எறாவ அதுலதான் எரிச்சா. தீப்பெட்டி குடுத்தது நான்.