கோட்டுக்கு இரண்டு காலடி பின்னால்

தம்பி கனடாவிலிருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போன கமரா மூன்று மாதம் அலுமாரிக்குள் கிடந்தது. ஓடுகிறதைப் படத்தில் எப்படி நிறுத்திப் பிடிப்பது என்ற ஆராய்ச்சி என்னைப் பிடித்த பிறகு அது என் தோளை விட்டு இறங்கவில்லை. திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் நின்று பலாலி வீதி பஸ்களை எடுத்துப் பழகினேன். முதல் நாள் கிடைத்தவை எல்லாம் பஸ்களின் பின்பாதிகள். பஸ்ஸோடு சேர்த்துக் கமராவையும் திருப்ப வேண்டும் என்பது பிடிபட ஒரு கிழமை சென்றது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் படபடவென்று தொடர்ந்து எடுக்கும் என்று கண்ட அன்று எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அந்தத் தைரியத்தில்தான், அக்காவின் மகள், என் மருமகள், படிக்கும் மானிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை நிற இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போனேன். நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வருபவரை மட்டும்தான் வலயப் போட்டிக்கு அனுப்புவார்கள். அவள் மாதக்கணக்காக விடிய எழும்பி ஓடிப் பழகியது அதற்காகத்தான்.

முடிவுக் கோட்டருகே இடம் பிடித்தேன். என் மருமகள் எனக்குக் கிட்டிய பாதையில் ஓடினாள். மஞ்சள் இல்லப் பிள்ளை அதற்கு அப்பால். என் கண்ணுக்கு இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். நடுவர் முதலிடத்தை மஞ்சள் இல்லத்துக்குக் கொடுத்தார். கமராவைப் பார்த்தேன். படத்தில் என் மருமகள் ஒரு சாண் முன்னால் நின்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, நீதான் முதல் என்று சொல்லிவிட்டு நடுவரிடம் ஓடினேன். அவர் ஓர் இளம் ஆசிரியர். படத்தை அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தார்.

"அண்ணை, உதிலை வெள்ளைக் கோட்டைப் பாருங்கோ. சரிஞ்செல்லோ கிடக்கு. நீங்கள் கோட்டுக்கு நேரை நிக்கேல்லை."

உண்மைதான். பிள்ளைகள் ஓடி வருகிற பக்கமாக நான் இரண்டு காலடி பின்னால் நின்றிருக்கிறேன். ஆனாலும் அதனால் என்ன வந்துவிடும் என்று மனம் ஆறவில்லை. ஓட்டங்கள் எல்லாம் முடிந்ததும் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களைக் கோட்டின் மேலேயே, ஒன்றைக் கிட்டவும் மற்றதைத் தள்ளியும் வைத்தேன். பழைய இடத்தில் நின்று எடுத்தேன். கிட்ட இருந்த போத்தல் ஒரு சாண் முந்தியிருந்தது. கோட்டுக்கு நேரே வந்து எடுத்தேன். ஒன்று மற்றதை மறைத்தது. அசையாத போத்தல் ஓட்டத்தில் வென்றதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

திரும்பினால் மருமகள் நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் பிள்ளை என்றேன்.

"கடைசியிலை அவளின்ரை தோள் முன்னாலை போனது எனக்குத் தெரியும் மாமா. உங்கடை படத்தைப் பாத்தாப் பிறகுதான், நான் பிழையாய்ப் பாத்திட்டனோ எண்டு நினைச்சனான்."

கோட்டில் இருந்த போத்தல் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். பாதியைக் குடித்துவிட்டு, மஞ்சள் இல்லப் பிள்ளையும் படத்தில் வடிவாக விழுந்திருக்கிறாள், அவளுக்கும் ஒன்று அனுப்புங்கோ என்று சொன்னாள்.