அயர்லாந்து டொக்டரின் அக்கா

அம்மா கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில் என் தங்கை. அவள் கையில் ஒரு கிண்ணம் நிறைய முட்டை.

"இஞ்ச வந்து பார், பிள்ளை. ஊர்ச்சனம் கொண்டுவந்து குடுத்ததாம். ஒண்டில இன்னும் இறகு ஒட்டிக்கொண்டு கிடக்கு."

நானும் டொக்டர்தான். லண்டனில், பிளேஸ்டோவில் சேர்ஜரி என்று சொல்லும் ஒரு கிளினிக்கில் பல வருடங்களாக ஜிபியாக, அதாவது குடும்ப டொக்டராக இருக்கிறேன். என் நோயாளிகள் எனக்குக் கொண்டுவந்து தருவது மூத்திரப் போத்தல் மட்டும்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் ஒரு கதையா என்று ஏசிவிட்டு, மறுபடியும் முட்டையைப் பார்க்கத் தொடங்கினார்.

பொறாமை என்பது எழுதுவதற்கான சொல். எங்கள் வீட்டில் அதை வயித்தெரிச்சல் என்போம். அதுதான் சரி. நெஞ்சுக்குழிக்குக் கீழே உண்மையிலேயே எரியும், ஒரு டொக்டராகச் சொல்கிறேன். வீட்டில் முதலில் மருத்துவம் படித்தவள் நான். எந்தப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான். அவள் பயிற்சி முடித்த கையோடு, அயர்லாந்தின் மேற்கே மழையும் ஆடுகளும் மட்டுமே உள்ள ஒரு கிராமத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே இருந்த கிழ டொக்டருக்கு உதவிக்கு ஆள் கிடைக்கவில்லையாம். லண்டனில் கிடைக்காத வேலையா என்று அப்போது நான் சிரித்தேன்.

சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனோர் பார்க்கில் அம்மா வீட்டுக்குப் போனால் அயர்லாந்துப் புராணம்தான். அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறாளாம். அவளுடைய காரைக் கண்டால் டிராக்டர்காரர் ஒதுங்கி நின்று கை காட்டுகிறாராம். யாருடைய நாய்க்கு என்ன பெயர் என்றுகூட அவளுக்குத் தெரியுமாம். எனக்கோ ஆளுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்தில் பாதி கொம்பியூட்டருக்குப் போகும். அம்மா கோயிலில் காணும் ஆட்களிடம் எல்லாம் "என்ர சின்னவள் அயர்லாந்தில டொக்டர்" என்பார். பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்து, "இவளும் டொக்டர்தான்" என்று சேர்த்துக்கொள்வார். அந்த 'தான்' எனக்கு நன்றாகவே கேட்கும்.

அப்படி இருக்கும்போதுதான் தங்கை அங்கே மூக்குடைபட்டாள். அவளிடம் மருந்து எடுத்துவந்த கிழவர் ஒருவர் இறந்துபோனார். அந்த ஊரில் உடலை வீட்டு ஹோலில் வைத்திருப்பார்கள், ஊரே வந்து கைகொடுத்துத் துக்கம் சொல்லும், வந்தவர்கள் தேநீரும் சாண்ட்விச்சும் சாப்பிட்டுக் கதைத்துவிட்டுத்தான் போவார்கள். இவள் போனாள். போனவள் எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் நடப்பதைப்போலவே நடந்திருக்கிறாள். நீட்டிய தேநீரை வேண்டாம் என்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் தலை குனிந்து இருந்தாள். பிறகு யாரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டாள். செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது என்பது எங்களுக்குக் குழந்தையிலிருந்தே ஊறியது. அதை அவள் யோசித்துக்கூடச் செய்யவில்லை.

ஊர் வேறு மாதிரி யோசித்தது. கடைசியாகப் பார்த்த டொக்டர் வாயும் நனைக்காமல், முகமும் பார்க்காமல் ஓடியிருக்கிறா என்றால் மருந்தில் ஏதோ பிழை விட்டிருக்கிறா என்று கதை கட்டிவிட்டார்கள். அடுத்த கிழமை அவளிடம் வர இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரவில்லை. தூரத்து டவுனுக்குக் கார் எடுத்துக்கொண்டு வேறு டொக்டரிடம் போனார்கள்.

அவள் அழுதழுது என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் ஆறுதல் சொன்னேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. கைபேசியை வைத்ததும் நேரே எங்கள் சேர்ஜரியின் பெரிய டொக்டரிடம் போய், எங்களிடம் காலியாக இருக்கும் இடத்துக்கு என் தங்கை நல்ல பொருத்தம் என்றேன். அம்மாவுக்கு வயதாகிறது, பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது என்று எல்லாரிடமும் சொன்னேன். அவள் இங்கே வரவேண்டும், என்னைப்போலவே பத்துப் பத்து நிமிடமாக உழலவேண்டும், அந்த முட்டைக் கிண்ணம் ஒழியவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

"யோசிக்கிறன் அக்கா" என்றாள்.

அவள் யோசித்து முடிப்பதற்குள் அங்கே நிலைமை மாறிவிட்டது. அவளுடைய ரிசெப்ஷனில் இருக்கும் பெண் ஊர் கதைப்பதை உடைத்துச் சொல்ல, இவள் நேரே இறந்த கிழவரின் மனைவியிடம் போய் எங்கள் வழக்கத்தை விளக்கியிருக்கிறாள். இன்னொரு சாவு அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் சொல்லாமல் போவது என்றதும் அந்த மனுசி இவளைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். அடுத்த நாள் அந்த ஊர்க் கடையில் இதுதான் பேச்சு. அடுத்த செத்தவீட்டில் இவள் எழும்பியபோது, எல்லாரும் பேச்சை நிறுத்த, வீட்டுக்காரர் சத்தம் போடாமல் கதவைத் திறந்து பிடித்தாராம். அம்மா இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேன். பிழை விட்டும் பேர் வாங்க எப்படித்தான் முடிகிறது சில பேருக்கு?

ஆனாலும் வேலையை அவள் மறுக்கவில்லை. ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று லண்டனுக்கு வந்தாள். அனுமதி வாங்கி, ஒரு காலை முழுவதும் அவளை என் அறையில் இருத்தினேன்.

மூன்றாவதோ நான்காவதோ ஆளாக, எங்கள் ஊர்க்காரர் ஒரு பெரியவர் வந்தார். பிரஷர்காரர். எனக்கு நன்றாகத் தெரியும், அதாவது அவருடைய பிரஷர் எனக்கு நன்றாகத் தெரியும். அது இறங்கவில்லை. "ஐயா, உப்பைக் குறைக்கச் சொன்னேனல்லோ?" என்று கேட்டுக்கொண்டே மருந்துக் குளிசையின் அளவைக் கூட்டிக் கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டிருந்தேன்.

தங்கை மெதுவாகக் கேட்டாள். "ஐயா, வீட்டில ஆர் சமைக்கிறது?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. மனுசி பங்குனியில செத்துப்போனா. கடையில கொத்துரொட்டி வாங்கித் தின்னுறன்."

பங்குனிக்குப் பிறகு அவர் என்னிடம் வந்து போயிருக்கிறார். நான் அவரிடம் உப்பைத்தான் கேட்டேன். அவர் நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். மனுசிக்கு வந்த நோய், கனடாவில் இருக்கும் மகன், அவிக்கத் தெரியாத சோறு எல்லாம் வந்தன. எனக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கொம்பியூட்டரைப் பார்த்தேன். எழும்பும்போது அவர் கேட்டார். "பிள்ளை, நீங்கள் எந்த நாளில இருக்கிறனீங்கள்? அடுத்தமுறை உங்களிட்டயே வாறன்."

என் அறை. என் நோயாளி. என் நாற்காலியில்கூட அவள் இருக்கவில்லை, மூலையில் கிடந்த ஸ்டூலில்தான் இருந்தாள்.

அன்று எல்லாமே பிந்தியது. மத்தியானச் சாப்பாடும் இல்லை. பின்னேரம் பஸ் தரிப்பில் நிற்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் வாறன். அந்த வேலையை எடுக்கிறன்."

மாதக்கணக்காக நான் காத்திருந்த சொல். துள்ளியிருக்கவேண்டும். "ஏன் திடீரெண்டு?" என்றேன்.

"உங்களைப் பாக்கப் பாவமாக் கிடக்கு. சாப்பிடக்கூட நேரமில்லை. ஆரோடயும் நிமிந்து கதைக்க ஏலாது. நான் பக்கத்தில இருந்தா உங்களுக்கு ஒரு உதவிதானே."

பாவம். என்னைப் பார்த்து. முட்டைக் கிண்ணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஒரு மாதத்தில் பிளேஸ்டோ முழுவதும் அவள் கதவுக்கு முன்னால் நிற்பதும், பக்கத்து அறையில் நான் வெறும் பிரஷர் பார்த்துக்கொண்டிருப்பதும் கண்முன் வந்தது. அங்கே இருந்தால் கதையாவது கடல் தாண்டித்தான் வரும்.

"வேண்டாம்" என்றேன். "நீ அங்கயே இரு. அந்தச் சனத்துக்கு நீ வேணும். என்னைப் பற்றி யோசிக்காதை."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். "உண்மையாவோ அக்கா? எனக்கு விட்டிட்டு வர மனமே இல்லை. உங்களுக்காகத்தான்..." மிச்சத்தை என் தோளில் முணுமுணுத்தாள். பஸ் வந்தது. நான் அவளுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் கைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கதவைத் திறந்த அம்மா என் கன்னத்தைத் தடவினார். புட்டைப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் சித்திக்குப் போன் எடுத்தார்.

"தனக்கு எவ்வளவு கஷ்டம் எண்டாலும் தங்கச்சி நல்லா இருக்கட்டும் எண்டு விட்டுக்குடுத்திட்டாள். என்ர மூத்தவளின்ர மனசு ஆருக்கு வரும், சொல்லு?"

என்னைப் பற்றி அம்மா இப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தங்கை எதிரே இருந்து கண்கலங்கிச் சிரித்தாள். நான் எதையும் மறுக்கவில்லை. சித்தியோடு கதைத்து முடித்ததும் அம்மா பெரியம்மாவுக்கு எடுத்தார். நான் நாற்காலியை அம்மாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அதையும் முதலில் இருந்து கேட்டேன்.