ஆனைச்சுவடி பறிக்கப் போன நாள்

ஆனைச்சுவடியைத் தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போவார்கள். மர நிழலில் இலைகளைத் தரையோடு தரையாக விரித்துக் கிடக்கும். மழைக்குப் பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பி ஊதாப்பூ பூக்கும். மேலே காய்ந்தாலும் வேர் சாகாது, அடுத்த வருஷமும் துளிர்க்கும். அந்தச் செடிமேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் என்மேல்தான்.

அண்ணன் ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். அந்த முகூர்த்த மாதம் முழுக்க மஞ்சள் நூல்தான். முழங்கை மஞ்சள், கழுத்து மஞ்சள். சாயம்தானே என்று வீடே சும்மா இருந்தது. கண்ணும் மஞ்சளான பிறகுதான் காமாலை என்று உறைத்தது.

"கையில இருக்கற நூல முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் அண்ணன்.

எதிர்வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சந்தவாசல் மலையடில ஆனைச்சுவடி இருக்குது. வேரோட புடுங்கியாந்து மோர்ல அரைச்சிக் குடு. ஆனா போயி வர்ற வரிக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசினா பலிக்காது."

நான் காலேஜ் படித்தவள். படித்து என்ன கிழித்தேன், காலையில் முதல் பஸ்ஸில் ஏறினேன். ஊர்ப்பெயரைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஊமை என்று நினைத்த கண்டக்டர், இறங்கும் இடம் வந்ததும் தோளைத் தட்டிச் சொன்னார்.

வேர் ஆழமாக இருந்தது. அரிவாள் முனையால் தோண்டும்போது போன் அடித்தது. அண்ணன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும். எங்கே போனாய் என்று திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து போனை அணைத்துப் பையில் போட்டேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டதாக எதிர்வீட்டு அக்கா சொன்னாள். செடி மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணனுக்கு நினைவு தப்பியிருந்தது. மூன்றாம் நாள் அப்படியே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணியிடம் கேட்கத் துணிந்தேன்.

"அன்னிக்கு அண்ணன் எதுக்குக் கூப்ட்டாரு அண்ணி?"

"ஏதோ சொல்லணும்னு உனக்கே போன் போட்டுகினு இருந்தாரு. எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்றேன்னேன். இல்ல, அவ எடுக்கட்டும், அவகிட்டயே சொல்றேன்னுட்டாரு."