பேர் போடாமல் வாங்கிய வேலை

கம்பியூட்டர் திருத்துகிறவனிடம் வருகிற எல்லாரும், வீட்டில் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஹட்டன் பஸாரில் கடை போட்ட நாளிலிருந்து நான் பார்ப்பது இதுதான். யாரும் தொடாதபோதும் உங்கள் வீட்டுப் பெட்டி இரைகிறதா? பாதி மாதம் போவதற்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறதா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். வாருங்கள், சேர்ந்து வயிறெரிவோம்.

முதலாளியின் போர்ட்

பக்கத்துப் புடவைக்கடை நஸீர் முதலாளி வீட்டுக் கம்பியூட்டரைக் கொண்டுவந்தார். மருமகன் கேம் விளையாடியே கெடுத்துவிட்டாராம். திறந்து பார்த்தேன். இலவசமாகப் படம் பார்க்க இறக்கிய ஏதோ ஒன்றோடு இன்னொரு புரோகிராமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. திரையில் எதுவும் தெரியாது. உள்ளுக்குள் விளம்பரப் பக்கங்களைத் திறந்து திறந்து, தானே அமுக்கிக்கொண்டிருக்கும். ஆட்கள் பார்த்ததாகச் சொல்லி எங்கோ இருக்கிற ஒரு கம்பனி காசு வாங்கும். கரண்டும் டேட்டாவும் நம்முடையவை. மருமகன் பாவம், சும்மா ஏச்சு வாங்கியிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ட கடைக்கு முன்னுக்கு ஒரு போர்ட் வைக்கவே நான் வரி கட்டுறன் தம்பி, இவனுகள் என்ட வீட்டுக்குள்ள பூந்து ஓசியில விளம்பரம் நடத்துறானுகளா?”

படங்கில் சுற்றிய பெட்டி

பொகவந்தலாவையிலிருந்து மாரிமுத்து அண்ணன் பஸ்ஸில் வந்தார். மனைவி தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியால், மழை படாமல் பெட்டியைச் சுற்றியிருந்தார். கூடவே மகள் கௌசல்யா. கெம்பஸ் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். டியூஷன் எல்லாம் ஒன்லைனில்தான். டேட்டா இல்லாமல் வகுப்புகள் தவறிக்கொண்டே போக, மகள் படம் பார்த்துத்தான் தீர்க்கிறாள் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். படிப்பை நிறுத்தி, கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு அனுப்பப் பேசியும் விட்டார். பெட்டியைச் சுத்தம் செய்து நான் விற்றுத் தர வேண்டுமாம். அந்தப் பிள்ளை என் மேசைக் காலையே பார்த்துக்கொண்டு நின்றது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், சம்பளமும் பாதி. அதை நினைத்துத்தான் அண்ணன் பொருமினார். “இவ அம்மா நாள் பூரா மழையில நனைஞ்சு அரைப்பேரு வாங்கிட்டு வர்றா தம்பி, அந்தக் காசுல ரீலோட் போட்டா இவ படம் பாத்தே தீத்துடுறாளே!”

நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள்

திறந்து பார்த்தால், படமும் இல்லை, பாட்டும் இல்லை. பெட்டி நிறையப் பாடக் குறிப்புகள்தான். அவற்றைத் திறக்க அவள் இறக்கிய இலவசப் புரோகிராமோடு அதே திருடன் வந்து உட்கார்ந்திருந்தான். அவள் படித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பின்னால் அவன் டேட்டாவை உறிஞ்சியிருக்கிறான். அவனைப் பிடுங்கி எறிந்தேன். ஆத்திரம் அடங்காமல் அவர்கள் முன்னாலேயே அந்தக் கம்பனிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: நிபந்தனைகளை வாசித்து நீங்கள்தான் சம்மதித்தீர்களாம். அந்த நிபந்தனைகளைத் தேடி எடுத்தேன். பக்கம் பக்கமாக இங்கிலீஷ், எறும்பு சைஸ் எழுத்து. வக்கீலுக்கே தலை சுற்றும். வெட்கங்கெட்டவர்கள்!

கௌசல்யா அழுதேவிட்டாள். “நான்தான் அண்ணே சம்மதம்னு அமுத்தினேன். அமுத்தாட்டி நோட்ஸ் தொறக்கல.”

மாரிமுத்து அண்ணன், விற்கக் கொண்டுவந்த பெட்டியைப் படங்கில் திரும்பவும் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டார். “எங்க பெட்டிக்கிட்ட ராப்பகலா வேல வாங்கிட்டு அரைப்பேருகூடப் போடல அவங்க, நான் என்னடான்னா எம்புள்ளைய வேலைக்கு அனுப்பப் பாத்தேன்.”

மகளிடம் வருத்தப்பட அந்த மனிதருக்குத் தெரிந்தது. கம்பனியோ இன்றுவரை வருத்தம் என்று ஒரு வார்த்தை எழுதாமல், தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று மட்டும் என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.